மட்டக்களப்பு நகரில் வேலை, கையில் சின்ன பட்ஜெட்: குடும்பத்தோடு எந்தப் பக்கம் வீடு எடுப்பது?

இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது, அல்லது புது வேலை கிடைத்திருக்கிறது. நகருக்குள் வாடகை விசாரித்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்போல் இருக்கிறது. “கொஞ்சம் வெளியே போனால் மலிவாக எடுக்கலாம்” என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எந்தப் பக்கம் வெளியே போவது என்று கேட்டால் பதில் வராது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு வந்து இந்தத் தேடலில் நன்றாக அலைந்து முடித்தபிறகு எழுதுகிறேன். வீட்டை விட இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும். அதுவும் இந்த ஊரில் கிலோமீற்றரைப் பார்த்து இடத்தைத் தேடினால் சரிவராது. வாவிக்கு எந்தக் கரையில் வீடு இருக்கிறது, பஸ் ஓடும் மெயின் றோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது, இந்த இரண்டும்தான் மாதச் செலவைத் தீர்மானிக்கின்றன.

1. வேலை எந்த வாசலில் என்று உறுதிப்படுத்துங்கள்

“மட்டக்களப்பில் வேலை” என்பது போதாது. கச்சேரி என்றால் பழைய ஆட்கள் இன்னும் கோட்டையைத்தான் காட்டுவார்கள். மாவட்டச் செயலகம் இப்போது நகரின் வடக்குப் புறம் திராய்மடுவில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் பிரதான வளாகம் வந்தாறுமூலையில், விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். போதனா வைத்தியசாலை நகருக்குள். திராய்மடுவில் வேலை செய்பவர் தெற்கே ஆரையம்பதியில் வீடு எடுத்தால் தினமும் கல்லடிப் பாலத்தையும் நகரையும் கடந்து மறுபக்கம் போக வேண்டும். அதே ஆள் வடக்கே சத்துருக்கொண்டான் பக்கம் எடுத்திருந்தால் நகர நெரிசலே படாது.

கணவன் மனைவி இருவருக்கும் வேலை என்றால் இரண்டு வாசலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டக்களப்பு, மற்றவருக்குக் கல்முனை என்று அமைந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுக்குக் களுவாஞ்சிகுடியும் அதைச் சுற்றிய ஊர்களும்தான் நடுவில் விழும். ஆதார வைத்தியசாலை, சந்தை, வங்கி எல்லாம் அங்கேயே இருப்பதால் சின்ன அலுவல் எதற்கும் நகருக்கு வரத் தேவையில்லை.

2. நான்கு பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள்

தெற்கு, கடலோரம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரை ஊர்கள் விடாமல் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுக்கமான நிலம், அதன் நெடுக ஏ4 வீதி. எந்த ஒழுங்கைக்குள் வீடு எடுத்தாலும் மெயின் றோட்டு மிகத் தொலைவில் இருக்காது என்பது பெரிய வசதி. கல்முனை பஸ், அக்கரைப்பற்று பஸ் எல்லாம் இந்த வழிதான். சைக்கிள் இல்லாத குடும்பம்கூட இந்தப் பக்கம் சமாளிக்கும்.

கல்லடியில் வாடகை நகரத்துக்குச் சமமாக இருக்கும், சில இடங்களில் கூடவும் கேட்பார்கள். காத்தான்குடி சனநெருக்கமான ஊர், வளவு சிறிது. உடுப்பு, வீட்டுச் சாமான் வாங்க அங்கே போவது லாபம், வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் போகாதீர்கள், ஜும்மாவுக்குக் கடைகள் பூட்டியிருக்கும். வாடகை குறையத் தொடங்குவது ஆரையம்பதி தாண்டித்தான். என் கணக்கில் நகரில் வேலை, பள்ளிப் பிள்ளைகள், ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் என்றிருக்கும் குடும்பத்துக்கு ஆரையம்பதியிலிருந்து கிரான்குளம் வரையான துண்டுதான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

வடக்கு, திருமலை (திருகோணமலை) வீதி. சத்துருக்கொண்டான், தன்னாமுனை, மைலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை. வளவு கொஞ்சம் விசாலமாகக் கிடைக்கும். கச்சேரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இந்தப் பக்கம்தான் பொருத்தம். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிவதால் மலைநாட்டில் சொந்த ஊர் இருப்பவர்களுக்கு விடுமுறைப் பயணம் சுலபம். “ஏறாவூரில் ரயில் நிலையம் இருக்கிறதே, ரயிலில் வேலைக்குப் போகலாமே” என்று நினைக்க வேண்டாம். ரயில்கள் கொழும்புப் பயணத்துக்கு ஏற்ற நேரத்தில் ஓடுகின்றன, அலுவலக நேரத்துக்கு அல்ல. தெற்குப் பக்கம் தண்டவாளமே கிடையாது.

மேற்கு, படுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம். நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளி. வாடகை மிகக் குறைவு. முற்றம், மாமரம், மாட்டுப்பால், அரிசி, மரக்கறி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். வவுணதீவு தூரக் கணக்கில் நகருக்குக் கிட்டத்தான். ஆனால் பஸ் குறைவு, இருட்டினால் இன்னும் குறைவு. உள்ளூர்களில் இரவில் காட்டு யானை வரும் பாதைகள் இருக்கின்றன, ஏழு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. பெருவெள்ளத்தில் தாழ்ந்த வீதிகள் மூழ்கும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் அந்தப் பக்கத்துச் சனம் பட்ட பாட்டை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலையே படுவான்கரையில் என்றால் தாராளமாக அங்கேயே எடுங்கள். நகரில் வேலை, பிள்ளைகளுக்கு நகரப் பள்ளிக்கூடம் என்றால் வாடகை இனிக்கிறதே என்று போகாதீர்கள்.

நகரின் ஓரம். இருதயபுரம், திருப்பெருந்துறை, பாலமீன்மடு, திராய்மடு. நடுத்தர வாடகை, வேலைக்குக் கிட்ட. ஆனால் சில துண்டுகள் வாவியை ஒட்டிய பள்ளக் காணிகள். இங்கே ஊரைத் தெரிவுசெய்வது போதாது, ஒழுங்கையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

3. வாடகையை ஒப்பிடாதீர்கள், மாதக் கணக்கை ஒப்பிடுங்கள்

பெற்றோல் விலை மாறிக்கொண்டே இருப்பதால் லீற்றரில் கணக்குப் பார்ப்பதே நல்லது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள், மாதம் 22 வேலை நாள் என்று வையுங்கள். நகரிலிருந்து 7 கிலோமீற்றர் என்றால் (ஆரையம்பதி அளவு) மாதம் சுமார் 8 லீற்றர். 15 என்றால் (செங்கலடி அளவு) 16, 17 லீற்றர். 27 என்றால் (களுவாஞ்சிகுடி அளவு) 30 லீற்றர். அன்றைய விலையால் பெருக்கி வாடகையோடு கூட்டுங்கள். ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் 22 லீற்றர் வித்தியாசம். அவ்வளவுக்கு வாடகை குறையாவிட்டால் தூரப் போவதில் அர்த்தமில்லை.

இதோடு முடியவில்லை. எல்லோரும் மறப்பது இரண்டாவது பயணத்தை. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவீர்கள், சரி. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், உங்கள் வேலை நாலேகாலுக்கு முடியும். நடுவில் பிள்ளை எப்படி வீடு வரும்? பின்னேரம் ரியூசனுக்கு யார் கொண்டுபோவது? பள்ளி வான் என்றால் மாதக் கட்டணம், ஓட்டோ என்றால் அதைவிடக் கூட. வாரத்தில் மூன்று நாள் நகரில் ரியூசன் இருந்தால் மேலே சொன்ன லீற்றர் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். அதனால் வீடு பார்க்கும்போதே அந்த ஊரில் ரியூசன் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, செங்கலடி போன்ற இடங்களில் நகரத்துக்கு ஓடாமலே பல பாடங்களுக்கு வகுப்புக் கிடைக்கும்.

பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். பாடசாலையின் கடிதத்தோடு டிப்போவில் விண்ணப்பிக்க வேண்டும். அது இ.போ.ச. பஸ்ஸில் மட்டும்தான் செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே உங்கள் தரிப்பிடத்தில் காலையில் எந்தப் பஸ் வருகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

4. பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள்

முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்க வேண்டியவர்கள் இந்தப் பகுதியை இருமுறை வாசியுங்கள். விண்ணப்பம் முந்திய வருட நடுப்பகுதியிலேயே கோரப்படும். ஜனவரியில் வந்து இறங்கி அதே ஜனவரிக்குப் பெயர்பெற்ற பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க முடியாது. அருகில் வசிப்போர் என்ற பிரிவுக்குத்தான் பெரிய பங்கு. அதில் வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருந்ததா, வீட்டுக்கு உறுதி இருக்கிறதா, பதிவுசெய்த வாடகை ஒப்பந்தமா என்றெல்லாம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பள்ளிக்கூடங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். கிரான்குளத்தில் இருந்துகொண்டு நகரத்துத் தேசியப் பாடசாலைக்கு இந்தப் பிரிவில் விண்ணப்பித்தால் என்ன நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சேவைத் தேவைக்காக இடமாற்றப்பட்ட அரச ஊழியர்களுக்குச் சிறிய தனி ஒதுக்கீடு உண்டு, இடமாற்றக் கடிதத்தின் மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இடைத்தரங்களுக்கு வெற்றிடம் இருந்தால்தான் இடம். பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், முன்னேற்ற அறிக்கை, வதிவிடச் சான்று ஆகியவற்றோடு முதலில் அதிபரையும், தேவைப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்தையும் பாருங்கள். மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உண்டு, நீங்கள் வீடு எடுக்கும் ஊர் எந்த வலயத்தில் என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம். ஆரம்ப வகுப்புப் பிள்ளை என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் பிறகு நகரத்தை யோசிப்பதுதான் பணத்துக்கும் பிள்ளையின் தூக்கத்துக்கும் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

5. மழையையும் தண்ணீரையும் பார்க்காமல் வீட்டைப் பேசாதீர்கள்

இங்கே மாரி ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி தை வரை போகும். வருடாந்த இடமாற்றம் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால் மார்கழியில் எல்லோரும் ஒரேயடியாக வீடு தேடுவார்கள், வாடகையும் அப்போது ஏறும். சாமான் ஏற்ற மார்கழி மோசமான மாதம், வீடு பார்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. மழை பெய்த மறுநாள் போங்கள். ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா, மலசலகூடக் குழி நிரம்பியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கோடையில் பார்ப்பவர்கள் மதிலின் அடியைப் பாருங்கள். வெளிப்பக்கம் புதுப் பெயின்ற் அடித்திருப்பார்கள், கிணற்றடிப் பக்கமும் மதிலின் பின்பக்கமும் அடித்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரே மட்டத்தில் பாசிக்கோடு ஓடினால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. கதவுநிலையின் அடிமரம் உளுத்திருந்தாலும் அதே கதைதான். வீட்டுக்காரரிடம் கேட்டால் “இந்தப் பக்கம் ஒருநாளும் தண்ணி வந்ததில்லை தம்பி” என்பார். அடுத்த வளவில் இருக்கும் வயதான அம்மாவைக் கேளுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டை, “மாரிக்கு இந்த ஒழுங்கையால நடக்க ஏலா மனே” என்ற ஒரே வசனத்தில் முடித்துவைத்தவர் அப்படி ஒருவர்தான்.

குடிதண்ணீர் அடுத்தது. நீர் வழங்கல் சபையின் குழாய் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா, வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, எத்தனை மணிக்கு நல்ல அழுத்தத்தில் வருகிறது என்று கேளுங்கள். மெயின் றோட்டில் குழாய் போகிறது என்பதும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்பதும் ஒன்றல்ல. கிணறு மட்டும் என்றால் ஒரு போத்தலில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளேன்ரீ ஊற்றிப் பாருங்கள். தேநீர் மை நிறத்துக்குக் கறுத்தால் இரும்பு அதிகம், வெள்ளை உடுப்புக் கூடக் கொஞ்ச நாளில் மஞ்சளாகும். உப்பு நாக்கிலேயே தெரியும். மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை, ஊற்றும் மேலேயே. அதனால் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரத்தைக் காலால் அளந்து பாருங்கள், பக்கத்து வளவின் குழியையும் சேர்த்து. காணி சிறிதான இடங்களில் இதுதான் பெரிய பிரச்சினை. குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டும் என்றால் அதையும் மாதக் கணக்கில் எழுதுங்கள்.

கூரையையும் பாருங்கள். சீற் போட்ட வீடு மலிவு, சித்திரை வைகாசியில் பகலில் உள்ளே இருக்க முடியாது, மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டு வீடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

6. வேலை நாள் ஒன்றில் போய்வந்து பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டு “பத்து நிமிடத்தில் வந்துவிட்டோம்” என்று மகிழ வேண்டாம். பள்ளிக்கூட நாளில், காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, தரிப்பிடம் வரை நடந்து, பஸ் ஏறி, வேலை வாசல் வரை போங்கள். தூர ஊரிலிருந்து வரும் பஸ்கள் காலையில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், சின்னத் தரிப்பிடங்களில் சில பஸ்கள் நிற்காது. பள்ளிக்கூடங்கள் ஏழரைக்குத் தொடங்குவதால் ஏழு மணியைச் சுற்றிக் கல்லடிப் பாலமும் நகரின் உள்வீதிகளும் நெரியும். பின்னேரம் திரும்புவதையும் பார்த்துவிடுங்கள், இருட்டிய பிறகு ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

7. பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கடதாசிகள்

முற்பணமாகச் சிலர் மூன்று மாதம், சிலர் ஆறு மாதம், சிலர் ஒரு வருட வாடகையையே கேட்பார்கள். தரகர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை வரை அவருக்குப் போகலாம். அதோடு முதல் மாத வாடகை, நொத்தாரிசுக் கட்டணம், முத்திரைச் செலவு, லொறிக் கூலி. இந்த மொத்தத் தொகை கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாடகையைப் பேச வேண்டும். நீண்டகால முற்பணம் கொடுப்பதென்றால் வாடகையில் மாதாமாதம் கழிப்பதா, போகும்போது திருப்பித் தருவதா என்பது எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், வங்கிக் கணக்கில் போடுவது இன்னும் நல்லது.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை:

- காணி உறுதியின் பிரதி, அவருடைய அடையாள அட்டைப் பிரதி. இரண்டிலும் ஒரே பெயரா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் வீட்டைத் தகப்பன் வாடகைக்குக் கொடுப்பது இங்கே சர்வசாதாரணம், அப்படியென்றால் மகன் தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்து எழுதிய அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும்.
- சோலைவரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பற்றுச்சீட்டு.
- கடைசி மூன்று மாத மின்சார, தண்ணீர் பில்கள். நிலுவை இருந்தால் யார் கட்டுவது என்று அப்போதே பேசுங்கள்.

உறுதிக்குப் பதிலாக அரச காணிப் பெர்மிட்டைக் காட்டினால் அவசரப்படாதீர்கள். பெர்மிட் காணியை அனுமதியில்லாமல் வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பிற்பாடு அந்த முகவரியை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கோ வேறெதற்கோ ஒப்பந்தம் காட்டப் போனால் சிக்கல் வரும். படுவான்கரையிலும் குடியேற்றத் திட்டங்களிலும் இதைக் கட்டாயம் கேளுங்கள். முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும்.

ஒப்பந்தத்தை முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். செலவு வரும்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கென்று பேசி வந்த வீட்டை எட்டாம் மாதத்தில் விடச் சொல்லும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. வாடகை எப்போது, எவ்வளவு கூடும், வெளியேற எத்தனை மாத அறிவித்தல், தண்ணீர் மோட்டர் பழுதானால் யார் திருத்துவது, இவை ஒப்பந்தத்தில் வரட்டும்.

மின்சார மானி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்வீட்டில் உரிமையாளர், பின்வீட்டில் நீங்கள், இரண்டுக்கும் ஒரே மானி என்றால் விட்டுவிடுவது நல்லது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண முறை, அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய வீதம். இரண்டு குடும்பப் பாவனையும் ஒன்றாகச் சேர்ந்தால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கூடிய வீதம்தான்.

8. குடிவந்த முதல் இரண்டு வாரத்தில்

கிராம உத்தியோகத்தரை (ஜி.எஸ்.) சந்தியுங்கள். பழைய இடத்து ஜி.எஸ்ஸிடம் வதிவிடம் மாறிப் போவதற்கான கடிதம் வாங்கி வந்திருந்தால் வேலை சுருக்கமாக முடியும், வாங்காமல் வந்தால் அதற்காகவே திரும்பிப் போக வேண்டியிருக்கும். ஒப்பந்தப் பிரதி, குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளோடு போங்கள். ஜி.எஸ். எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று அயலவரிடம் கேட்டுவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள். வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. நகரம் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்கும், ஆரையம்பதிப் பக்கம் மண்முனைப்பற்றுக்கும், வவுணதீவு மண்முனை மேற்குக்கும், செங்கலடி ஏறாவூர்ப்பற்றுக்கும் போகும். மண்முனை என்ற பெயர் பலவற்றுக்கும் இருப்பதால் புதிதாக வருபவர்கள் பிழையான அலுவலக வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கும்.

வாக்காளர் இடாப்புத் திருத்தத்தின்போது உங்கள் பெயர்கள் புதிய முகவரியில் சேர்ந்ததா என்று கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் வாடகைக்காரரின் பெயர் தங்கள் முகவரியில் பதிவதை விரும்புவதில்லை, இதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாக இருந்தாலும் இந்த வருடமே உங்கள் பெயர்களைப் பதியுங்கள், பள்ளிக்கூடப் புள்ளிக்கான ஐந்து வருடக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும்.